சாவியைக் கொடுத்துவிட்டால் மிச்சக் கடன் தீர்ந்துவிடுமா?

கடலூரை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

2019-ல் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு வாங்கினார்கள். ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் 24 லட்சம் ரூபாய் கடன், 20 வருடம், தவணை மாதம் ஏறக்குறைய 21,000. கடன் பத்திரத்தில் இருவருமே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஜாமீன் போட்டவர் அரசுப் பள்ளி ஆசிரியரான கொழுந்தனார். கணவருக்குப் பெண்ணையாற்றை ஒட்டி ஒரு மளிகைக் கடை இருந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து வந்தபோது கடைக்குள் இடுப்பளவு வெள்ளம். அரிசி மூட்டை, சர்க்கரை, மாவு எல்லாம் போயிற்று. திரும்பச் சரக்குப் போட மூன்று வட்டிக்கு 2 லட்சம் வாங்கினார்கள். அப்படியும் கடை எழுந்திருக்கவில்லை, மூடிவிட்டார்கள். இப்போது கணவர் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார், சம்பளம் 18,000. இவர் தையல் வேலையில் மாதம் 7,000 வரை பார்க்கிறார். மகளுக்கு 19 வயது, சிதம்பரத்தில் படிக்கிறாள்.

ஏழு தவணை நின்றுபோயிருக்கிறது. 22,40,000 ரூபாயை 60 நாளுக்குள் கட்டச் சொல்லி ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கிறது. இவர் தன் பெயருக்கு வந்த கவரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். கணவர் தன் கவரை வாங்காமல் தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நோட்டீஸ் தேதியிலிருந்து 35 நாள் ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடு, அம்மா பேருக்கு எழுதிவை, மஞ்சள் கடுதாசி கொடு, கடலூர் கோர்ட்டில் தடை வாங்கு. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இவர் எழுதியிருப்பது: “வீடு போனாலும் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வீடு போன பிறகும் மிச்சக் கடன் நம் தலையில்தான் என்கிறார்களே, அது நிஜமா? போலீஸ் வருமா? கொழுந்தனார் வீட்டில் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.”

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கே முதலில் வருகிறேன். நிஜம்தான். வீட்டை ஏலம் விட்ட பணம் கடனுக்குப் போதாவிட்டால், போதாத தொகையை நிறுவனம் உங்களிடம் கேட்கலாம். கோர்ட்டில் வழக்குப் போடாமலே ஈட்டை எடுத்து விற்க நிறுவனங்களுக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டம், பிரிவு 13(10) அதைத்தான் சொல்கிறது. வீடு என்பது கடனுக்கு ஈடு. கடன், கையெழுத்துப் போட்டவர்கள் பெயரில் நிற்கிறது. அதனால் சாவியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால் வீடு போகும், கடன் தானாகப் போகாது. “உங்களிடமிருந்து எங்களுக்கு இனி ஒரு பாக்கியும் வர வேண்டியதில்லை” என்று நிறுவனம் லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் போட்டுக் கொடுத்தால் மட்டுமே சாவியைக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. அப்படி எழுதிக் கொடுக்கச் சொல்லி நீங்களும் கேட்கலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த மிச்சக் கடன் இன்னும் பிறக்கவே இல்லை. அது பிறக்காமல் தடுக்க உங்கள் கையில் நாட்கள் இருக்கின்றன. தூக்கம் கெடுகிற அளவுக்கு நீங்கள் பயப்படுவது ஏலத்துக்குப் பிந்தைய கடனைப் பற்றி. என் கவலை ஏலத்துக்கு முந்தைய இந்த 25 நாளைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஐந்து கவர்கள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. பிரித்தால் நெஞ்சு அடைத்துவிடும் என்று பயந்து, வந்தது வந்தபடியே சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்திருக்கிறார். நான்தான் ஒவ்வொன்றாகக் கத்தரித்தேன். முதல் கவரில் நீங்கள் வாங்கிய அதே 60 நாள் நோட்டீஸ். கடைசிக் கவரில் ஏல அறிவிப்பு. ஏலம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தக் கவர்களை வந்த அன்றே பிரித்துக்கொண்டு வந்திருந்தால் செய்திருக்கக் கூடியதை நினைத்து இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு. நீங்கள் நோட்டீஸைப் படித்து, தேதி போட்டு, எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதரைவிட நீங்கள் வெகுதூரம் முன்னால் இருக்கிறீர்கள்.

தபாலைத் திருப்பி அனுப்பியது பற்றி

உங்கள் கணவர் மேல் கோபப்படாதீர்கள், ஊரில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் பயன் கிடையாது. கவரின் மேல் தபால்காரர் ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று எழுதினாலே, சட்டத்தின் பார்வையில் அது பொதுவாகக் கொடுத்ததாகத்தான் ஆகும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் உங்கள் வாசல் கதவில் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில் போடுவார்கள். பேப்பரில் வந்தால் சந்தி சிரிக்கும் என்றுதான் அவர் பயப்படுகிறார். கவரை வாங்காமல் இருப்பதுதான் அந்த விளம்பரத்தை வரவழைக்கும். இனி எது வந்தாலும் வாங்குங்கள், கவரையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள், மேல் மூலையில் வாங்கிய தேதியை எழுதுங்கள்.

கட்ட வேண்டியது 22 லட்சமா, ஒன்றரை லட்சமா?

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் பெரிய தவறு இதுதான். “60 நாளில் 22 லட்சத்துக்கு எங்கே போவோம்” என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸில் முழுக் கடனையும் கேட்பது வழக்கம். 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்கப்புறம் மொத்தத்தையும் திருப்பிக் கேட்கிறார்கள். ஆனால் நின்றுபோன தவணை முழுவதையும் கட்டிவிட்டால் வாராக்கடன் கணக்கைப் பழையபடி நல்ல கணக்காக மாற்றலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021 நவம்பரில் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்: ஒன்றிரண்டு தவணை போதாது, பாக்கி மொத்தமும் வர வேண்டும். அப்படி வந்துவிட்டால் நடைமுறையில் பெரும்பாலும் நிறுவனமும் மேல் நடவடிக்கையை நிறுத்திக்கொள்ளும். வீட்டை ஏலம் விடுவதைவிட மாதம் தவறாமல் தவணை வருவது அவர்களுக்கும் லாபம்.

ஏழு தவணை என்றால் 1,47,000. அபராதக் கட்டணம், நோட்டீஸ் செலவு எல்லாம் சேர்த்து 1,60,000-ஐ ஒட்டி வரலாம். அந்த அபராதக் கணக்கை வரி வரியாகப் பாருங்கள். அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டு, 2024 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஸ்டேட்மென்டில் அப்படி ஏறியிருந்தால் கழிக்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் நீங்களும் உங்கள் கணவரும் ஒரு ராத்திரி உட்கார்ந்து நேர்மையாகக் கணக்குப் போட வேண்டும். உங்களிடம் ஆறு பவுன் மிச்சம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தோ விற்றோ பாக்கியைக் கட்டிவிடலாம், சரி. அடுத்த மாதம் 21,000-க்கு என்ன செய்வீர்கள்? வீட்டுக்கு வருவது 25,000. மூன்று வட்டிக் கடனுக்கே மாதம் 6,000 போகிறது. மீதியில் தவணையும் கட்டி, அரிசியும் வாங்கி, மகளுக்குப் பஸ் காசும் கொடுக்க முடியாது. தவணைக் காலத்தை நீட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் உங்கள் கடனை இன்றிலிருந்து 20 வருடத்துக்கு நீட்டினாலும் 9 சதவீத வட்டியில் தவணை 20,000-ஐ ஒட்டித்தான் நிற்கும். மாதம் ஆயிரம், இரண்டாயிரம்தான் குறையும். வருமானம் கூடும் என்பதற்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது ஒன்று, ஓர் உறுதியான வேலையோ மறுபடி ஓடுகிற கடையோ, இருந்தால் மட்டும் நகையைத் தொடுங்கள். இல்லாவிட்டால் ஆறு பவுனும் போய், எட்டாவது மாதம் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

பாக்கியைக் கட்ட மறுபடி மூன்று வட்டிக்கு வாங்கவே வாங்காதீர்கள். வருடத்துக்கு 36 சதவீதம். 9 சதவீதக் கடனை அடைக்க அதை வாங்குவது, ஓட்டைக் குடத்தை மூழ்க வைத்து நிரப்புகிற வேலை.

விற்பதானால் நீங்களே விற்றுவிடுங்கள்

நீங்கள் எழுதியதை வைத்து என் கருத்தைக் கேட்டால், வீட்டை விற்பதுதான் வழி என்று சொல்வேன். எழுதும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ‘மாடிப்படிக்கு அடியில் என் தையல் மெஷினுக்கென்று ஒரு இடம் ஒதுக்கிய வீடு’ என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்த பிறகு இதைச் சொல்வது எளிதில்லை. ஆனால் வீடு எப்படி விற்கிறது என்பதில்தான் உங்கள் மிச்சக் கடன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

உங்கள் ஊர் புரோக்கர் 29 லட்சம் போகும் என்றாராம். மூன்று மாதத்தில் அந்த விலைக்கு முடிந்தால், அதற்குள் ஏறும் வட்டியையும் சேர்த்துக் கடன் ஏறக்குறைய 22,90,000. புரோக்கர் கமிஷன் போக உங்கள் கையில் ஐந்தரை லட்சம் மிஞ்சும். மூன்று வட்டிக்காரரின் 2 லட்சத்தைத் தீர்த்தாலும் மூன்றரை லட்சம் உங்களுடையது.

அதே வீட்டை நிறுவனம் ஏலம் விடட்டும். எல்லாம் முடிய ஒரு வருடம் ஆகிறது என்று வையுங்கள். வட்டி மாதம் 17,000-ஐ ஒட்டி ஏறி 2 லட்சம் சேரும். விளம்பரம், மதிப்பீட்டாளர், வக்கீல் என்று செலவு இன்னொரு 50,000. மொத்தம் 25 லட்சத்தைத் தொடும். ஆள் குடியிருக்கும் ஏல வீட்டை முழு விலைக்குக் கேட்பவர்கள் குறைவு. 21 லட்சத்துக்குப் போனால் உங்கள் மேல் 4 லட்சம் மிச்சக் கடன். ஒரே வீடுதான், ஒரே கடன்தான். ஒரு வழியில் கையில் ஐந்தரை லட்சம் நிற்கிறது, இன்னொரு வழியில் தலையில் 4 லட்சம் நிற்கிறது.

ஒரு முக்கியமான நிபந்தனை. 13(2) நோட்டீஸ், அதாவது உங்களுக்கு வந்திருக்கும் இந்த 60 நாள் நோட்டீஸ், வந்த பிறகு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் நீங்கள் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. பிரிவு 13(13) அப்படிச் சொல்கிறது, மீறினால் ஒரு வருடம் வரை சிறைத்தண்டனைக்கும் இடம் இருக்கிறது. அதனால் முதல் வேலை, “வீட்டை நாங்களே விற்று முழுக் கடனையும் அடைக்க விரும்புகிறோம், சம்மதம் தாருங்கள், அதுவரை ஏல நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள்” என்று கடிதம் கொடுப்பது. கூடவே ‘ஃபோர்க்ளோஷர் லெட்டர்’ கேளுங்கள். அந்தப் பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். நம் ஊர் நிறுவனங்களில் அதற்கு, கடனை முழுதாக முடிக்க இன்றைய தேதிக்கு எவ்வளவு என்று காட்டும் கணக்குக் கடிதம் என்றுதான் அர்த்தம்.

வாங்குபவர் கிடைத்தால் அவரையும் நிறுவனத்தின் கிளைக்கே அழைத்துப் போங்கள். கடன் தொகைக்கு நிறுவனத்தின் பெயரில் டி.டி., மீதிக்கு உங்கள் பெயரில் டி.டி. பத்திரப்பதிவு அன்றே இரண்டும் கைமாற வேண்டும். முன்பணம் வாங்கிச் செலவழித்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் முடிந்ததும் மூலப்பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. சார் பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீது பதிந்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடனையே கொஞ்சம் குறைத்து ஒரே தடவையில் முடிக்கும் ஓ.டி.எஸ். கேட்கலாமா என்றால், கேளுங்கள். ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது, 2021-ல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. மேலும் உங்கள் வீட்டின் மதிப்பு கடனைவிட அதிகம் என்பதால் அவர்கள் பெரிதாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மற்ற யோசனைகள்

அம்மா பெயருக்குத் தானப் பத்திரம் எழுதுவது: கூடவே கூடாது. மேலே சொன்ன அதே தடை இதற்கும் பொருந்தும். தவிர, வீடு யார் பெயருக்குப் போனாலும் அதன் மேல் இருக்கும் அடமானமும் கூடவே போகும். வயதான அம்மாவை நீதிமன்றப் படி ஏற வைப்பதைத் தவிர ஒன்றும் நடக்காது.

மஞ்சள் கடுதாசி: இன்றைக்கும் 1920-ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ் மனு போட முடியும். ஆனால் ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர் அந்த ஈட்டை விற்றுக்கொள்வதை அது தடுக்காது, சட்டமே அப்படி விலக்கி வைத்திருக்கிறது. வீட்டைக் காப்பாற்ற அது உதவாது. ஏலத்துக்குப் பிறகு பெரிய மிச்சக் கடன் நின்று, வேறு ஒரு வழியும் இல்லையென்றால் அப்போது யோசிக்கலாம்.

கடலூர் நீதிமன்றத்தில் தடை: இந்தச் சட்டத்தின்படி எடுக்கும் நடவடிக்கையில் சிவில் நீதிமன்றம் பொதுவாகத் தலையிட முடியாது, பிரிவு 34 தடுக்கிறது. நீங்கள் போக வேண்டிய இடம் சென்னையில் இருக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயம். அதுவும் இப்போது இல்லை. நிறுவனம் சுவாதீன நடவடிக்கை, அதாவது வீட்டைத் தன் வசம் எடுக்கும் நடவடிக்கை, எடுத்த பிறகு 45 நாளுக்குள் போக வேண்டும். நோட்டீஸ் வந்த நிலையில் உங்களுக்கு இருக்கும் வழி, நிறுவனத்துக்கே எழுத்தில் ஆட்சேபணை கொடுப்பது. அதற்கு அவர்கள் 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். வெள்ளத்தில் கடை போனது, கட்டிய தவணைகள், அபராதக் கணக்கில் தவறு, நீங்களே விற்க விரும்புவது எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். பின்னால் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால் இந்தக் காகிதம்தான் உங்களுக்காகப் பேசும்.

60 நாள் முடிந்தால் என்ன நடக்கும்?

61-ஆம் நாள் காலையில் யாரும் வந்து சாமான்களை வெளியே வைக்க மாட்டார்கள். முதலில் வாசலில் ஒரு சுவாதீன அறிவிப்பு ஒட்டுவார்கள், ஏழு நாளுக்குள் ஒரு தமிழ்ப் பேப்பர் உட்பட இரண்டு நாளிதழ்களில் வரும். அது காகிதத்தில் எடுக்கும் சுவாதீனம், நீங்கள் வீட்டில்தான் இருப்பீர்கள். பூட்டிச் சாவி எடுக்க வேண்டுமென்றால், நீங்களாகத் தராத பட்சத்தில், தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவரிடமோ கலெக்டரிடமோ மனுப் போட்டு உத்தரவு வாங்கி வருவார்கள். பெரும்பாலும், இதற்கென நியமிக்கப்பட்ட வக்கீலான ஒரு அட்வகேட் கமிஷனர் போலீஸ் பாதுகாப்போடு வருவார். நீங்கள் பயப்படுகிற போலீஸ் அந்த ஒரு நாள் மட்டும்தான், அதுவும் பூட்டு மாற்றுவதற்குப் பாதுகாப்பாக. உங்களைப் பிடித்துப் போக வருபவர்கள் இல்லை. கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் ஆகாது.

ஏல அறிவிப்பு பேப்பரில் வந்துவிட்டால் நிலைமை மாறும். 2016 திருத்தத்துக்குப் பிறகு, முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை அந்த அறிவிப்பு வெளியாகும்வரைதான். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. ‘ஏலத்துக்கு முந்தின நாள் கட்டிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விற்பனைக்கு உங்களுக்கு 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் மதிப்பை வாங்கித்தான் ரிசர்வ் விலை, அதாவது ஏலத்தின் குறைந்தபட்ச விலை, வைக்க வேண்டும். விலை அநியாயமாகக் குறைவாக இருந்தால் உங்கள் பக்கம் ஒரு மதிப்பீட்டு அறிக்கை வாங்கிவைத்துக்கொண்டு தீர்ப்பாயம் போகலாம். ரிசர்வ் விலைக்குக் கீழே விற்க உங்கள் சம்மதமும் வேண்டும். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி” என்று நீட்டும் காகிதம் அதுவாக இருக்கலாம், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏலத்தில் கடனுக்கு மேல் பணம் வந்தால், செலவு போக மீதி உங்களுக்குச் சேர வேண்டியது. அதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்களும் உண்டு.

அப்படியும் மிச்சம் நின்றால்

20 லட்சத்துக்குக் கீழே இருக்கும் தொகைக்குக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட முடியாது. 4 லட்சத்துக்கு அவர்கள் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும். வழக்குப் போட்டு, உங்கள் பதிலைக் கேட்டு, தீர்ப்பு வாங்கி, அதற்கப்புறம்தான் ஜப்தி. அந்த ஜப்தியிலும் எதைத் தொடக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம், பிரிவு 60 பட்டியல் போட்டிருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, அதாவது உங்கள் தாலி. கைத்தொழில் செய்பவரின் கருவிகளும் அதில் உண்டு. உங்கள் தையல் மெஷினுக்காக அந்தப் பிரிவை நான் தைரியமாக வாதாடுவேன். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. 18,000 சம்பளத்தில் அவர்கள் பிடிக்க முடிந்தது மாதம் 5,600 சொச்சம், அதுவும் ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம்தான். பி.எஃப். பணம் பக்கம் வர முடியாது.

பணத் தீர்ப்புக்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவே கூடாது, அதே சட்டத்தின் பிரிவு 56. ஆண்களையும், வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர் என்று நிரூபித்தால்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம். வெறும் வறுமைக்காக ஒருவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1980-லேயே நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

வசூலுக்கு வரும் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. உங்கள் கணவர் வேலை செய்யும் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, தேதி, நேரம், பேர் குறித்து நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால், வீட்டுக்கடன் நிறுவனம் என்பதால் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் புகார் போகும். வங்கியாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேன்.

கொழுந்தனார்

இதில் உங்களுக்கு இனிப்பாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ‘முதலில் வீட்டை விற்கட்டும், அப்புறம்தான் ஜாமீன்தாரரிடம் வர முடியும்’ என்று உங்கள் கணவர் தம்பிக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். அது தவறு. ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-ன்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். நிறுவனம் நினைத்தால் இன்றைக்கே அவரிடம் கேட்கலாம். அரசுச் சம்பளக்காரர் என்பதால் அவர் பக்கம் போவதுதான் அவர்களுக்கு எளிது. மாதம் 60,000 சம்பளம் என்றால் தீர்ப்புக்குப் பிறகு 19,600 வரை பிடிக்கலாம். அவர் உங்களுக்காகக் கட்டினால் அதை உங்களிடம் திருப்பிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

அவர் வீட்டில் பேச்சை நிறுத்தியது கோபத்தால் இருக்காது, பயமாக இருக்கும். நீங்கள் இருவரும் நேரில் போங்கள். “வீட்டை விற்று முழுதாக அடைக்கப் போகிறோம், இதோ நிறுவனத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகல்” என்று காட்டுங்கள். விற்கும்போது அவருடைய ஜாமீனும் முடிந்துவிட்டது என்று கடன் முடிவுச் சான்றில் பெயர் போட்டு வாங்கிக் கொடுங்கள்.

இந்த வாரமே

திங்கள்கிழமை கிளைக்குப் போகும்போது நோட்டீஸ், கடைசி ஸ்டேட்மென்ட், ஆட்சேபணைக் கடிதம், விற்பதற்குச் சம்மதம் கேட்கும் கடிதம், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அன்றே ஸ்பீட் போஸ்டில், பதிவு வசதியும் சேர்த்து, அனுப்பிவிடுங்கள். அங்கே போனில் யாராவது “பார்த்துக்கலாம்மா” என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஒரு பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். வழக்குக்கு முன்பே லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் நிறுவனத்தை உட்கார வைத்துப் பேசவும் அவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த வரி. மகளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் அவளையும் கடனில் சேர்த்தால் காலத்தை நீட்டித் தருவதாகக் கிளையில் சொன்னார்களாம். வேண்டாம், சகோதரி. இன்றைக்கு இந்தக் கடனில் அவளுக்கு ஒரு பைசா பொறுப்பும் இல்லை. அவள் கையெழுத்து அந்தக் காகிதத்தில் ஏறிவிட்டால் இந்த நோட்டீஸ்கள் அவள் பெயருக்கும் வரத் தொடங்கும், நாளைக்கு அவள் தன் பெயரில் கேட்கும் கடனையும் அது தடுக்கும். எந்தக் காகிதத்திலும் அவளைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.